பத்து மணி அட்டை

மார்ச் 2

சாருக்கு,

எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது. டிராமை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த வருஷம். நெசவாலைக் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி இடிந்து பதினோரு பேர் செத்தார்கள். அம்மை பரவுகிறது என்று பள்ளிக்கூடங்களை ஒரு மாதம் மூடினார்கள். ரேடியோவில் முதன்முதலாக ஒரு பெண் செய்தி வாசித்தாள். எங்கள் தெரு ஆண்கள் குரலைக் கேட்டார்களே தவிர செய்தியைக் கேட்கவில்லை. அந்த வருஷக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் அறைக்குள் வந்தேன்.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு செய்தித்தாளைத் தலைகீழாகக் கொடுத்தீர்கள். அதை நேராகத் திருப்பியவனை "போயிட்டு வாப்பா" என்று அனுப்பினீர்கள். கொடுத்ததைத் திருப்பினால் மரியாதைக் குறைவோ என்று நான் அப்படியே வைத்திருந்தேன். "குதிரை மல்லாக்க ஓடுதே சார்" என்றேன். சிரித்தீர்கள். வேலை கிடைத்தது.

பழைய கடித உறைகளிலிருந்து வெட்டிய துண்டுகள். துண்டுக்கு ஒரு சொல், அதில் ஒரு எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் இருக்கும் உருவத்தைப் பார்த்துத் தட்டில் அதற்கான குழியில் போட வேண்டும். படித்தவன் சொல்லைப் படித்துவிட்டு எழுத்தை ஊகிப்பான். கையெழுத்தைப் படிக்கப் பழகும் உங்கள் இயந்திரத்துக்கு ஊகிக்காத கண் வேண்டும். அதனால் படிக்காத ஏழு பேர். எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்: ஆணி நான், அப்புறம் கோணல், மாடிப்படி, நரை, இரண்டு வண்டுகள், பொத்தான். ஆளுக்கு ஒரு தட்டு, எட்டு வருஷம்.

மூன்றாம் வருஷம் நான் மாலை வகுப்பில் சேர்ந்தது நினைவிருக்கிறதா? நாலாம் நாள் வகுப்பு வாசலில் நீங்கள் நின்றீர்கள். "ஆணி, நீ படிச்சிட்டா அப்புறம் எனக்கு எதுக்கு?" என்று கேட்டீர்கள். அதோடு நான் போகவில்லை.

இதை நான் சொல்லச் சொல்லக் கைபேசி எழுதுகிறது. பேச்சை இப்படி அச்சுத் தமிழாக மாற்றிவிடுகிறது. மூலைக்கடையில் தாளாக்கித் தபாலில் போடுகிறேன். உங்கள் கடிதத்தையும் அதுதான் ஒரு பெண் குரலில் படித்துக் காட்டியது. உங்கள் குரலைவிட மரியாதையாக இருந்தது.

நாற்பது வருஷம் கழித்து எதற்குத் தேடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே.

இப்படிக்கு,
ஆணி


மார்ச் 9

அன்புள்ள ஆணி,

நீ உயிரோடு இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். நாக்கும் பழையபடியே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் பதினான்கு முதல் மூன்று நாள் செயற்கை நுண்ணறிவு மாநாடு. நாற்பது நாடுகளிலிருந்து வருகிறார்கள். தொடக்க உரை என்னுடையது. அதன் முடிவில் எனக்கு வாழ்நாள் சாதனைப் பதக்கம். நீ கையில் வைத்திருக்கும் கைபேசி கையெழுத்தைப் படிக்கிறது என்றால், அதன் பாட்டன் பூட்டன் நம் ஏழு தட்டுகள்தான். இது உனக்கும் பெருமை.

ஆனால் நிகழ்ச்சி நிரலில் ஒரு முள் இருக்கிறது. இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் பேசப்போகிறாள். தலைப்பு: "நாலாம் தட்டு". மை கலைந்த துண்டுகளில் ஆறு பேரும் தப்பு செய்திருக்கிறார்கள், நாலாம் தட்டு மட்டும் தப்பே செய்யவில்லை. சொல்லைப் படிக்காமல் கலைந்த எழுத்தை ஊகிக்க முடியாது, ஆகவே ஏழு பேரில் ஒருவருக்குப் படிக்கத் தெரியும் என்கிறாள். அது உண்மையானால் என் நாற்பது வருஷமும் பொய்.

அதனால் நீ வர வேண்டும். முன்வரிசையில் உட்கார வேண்டும். காமிரா முன்னால் ஒரே வாக்கியம்: எங்கள் ஏழு பேருக்கும் எழுத்து தெரியாது. மற்றவர்கள் போய்விட்டார்கள். பொத்தான்கூட முன்பே போய்விட்டாள் என்று கேள்வி. நீ சொல்வதை மறுக்க ஆளில்லை.

நீ சங்கடப்படவும் தேவையில்லை, உண்மையே அதுதான். மாதத்தின் முதல் திங்கள் காலை பத்து மணிக்கு உங்களை வரிசையில் நிறுத்தி அட்டை காட்டுவேனே, அது எதற்கு என்று நினைத்தாய்? படிக்கத் தெரிந்தவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எட்டு வருஷத்தில் ஒரு முகம்கூட மாறவில்லை. அட்டைகள் இருந்திருந்தால் அவள் வாயை அடைத்திருப்பேன். அலுவலகம் மாறியபோது எரித்துவிட்டார்கள்.

ரயில் சீட்டு அனுப்புகிறேன். புதுச்சட்டையும் எடுத்துத் தருகிறேன். அளவு சொல்.

உன்,
பேராசிரியர்


மார்ச் 21

சாருக்கு,

சட்டை இருக்கிறது.

பத்து மணி அட்டையைக் கண் பரிசோதனை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நாளெல்லாம் சின்ன உருவங்களைப் பார்க்கிறோம், சார் நம் கண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று. பெரிய வண்டு முதல்நாளே இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வருவான். "சாருக்கு நம்ம மேல என்ன பாசம் பாரு" என்பான். சின்ன வண்டு, "உன் கண்ணு மேலதான்டா, உன் மேல இல்ல" என்பான்.

அட்டைகள் எரிந்தால் என்ன, என்னிடம் இருக்கின்றன. தொண்ணூறு சொச்சம். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது, எப்படி இருந்தது என்று தெரியும். சுழி, கொக்கி, கால், இடைவெளி. எட்டு வருஷம் நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த ஒரே வேலை அதுதானே. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைகிறேன். வரைந்ததைக் கைபேசிக்குக் காட்டினால் அது சத்தமாகப் படிக்கிறது. நாங்கள் படிக்காமல் வளர்த்த பிள்ளை எங்களுக்கே படித்துக் காட்டுகிறது.

முதல் அட்டை: "கட்டடம் தீப்பிடித்து எரிகிறது." நாங்கள் ஏழு பேரும் கண்ணை விரித்து நின்றோம்.

நாலாவது: "இதைப் படிப்பவருக்கு இன்று விடுமுறை." சிரித்துவிட்டேன். எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் கிடந்திருக்கிறோம்.

பதினொன்றாவது: "ஆணியின் வாய் நாறுகிறது." அன்றைக்கு நீங்கள் என் முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நின்றீர்கள்.

முப்பத்தாறாவது: "மாடிப்படியின் பெண்டாட்டி கசாப்புக் கடைக்காரனோடு போகிறாள்." அதை அவன் மூக்குக்கு நேரே பிடித்தீர்கள். அவன் நெட்டையன், அட்டை தெரியக் குனிந்து பார்த்தான். "நல்லா தெரியுது சார்" என்றான்.

எழுபது வரை முடித்துவிட்டேன். அடுத்தது என் அம்மா தொற்று வார்டில் கிடந்த காலம். ஒரே ஒரு கேள்வி. அம்மா போன அன்று, நாங்கள் செருப்பு மாட்டும்போது, சாயங்காலம் ஐந்து மணிக்கு நீங்கள் வெளியே வந்து "இப்பத்தான் போன் வந்தது ஆணி" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எத்தனை மணிக்கு வந்தது?

இப்படிக்கு,
ஆணி


மார்ச் 30

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் வரைவதை உடனே நிறுத்திவிடுவது நல்லது. எண்பது வயதில் நினைவு எப்படியெல்லாம் விளையாடும் என்று தங்களுக்குத் தெரியாது. நினைவு ஆதாரம் ஆகாது. அதைப் பார்த்து யாராவது தங்களைப் பைத்தியம் என்று சொன்னால் எனக்குத்தான் வருத்தம்.

அது அந்தக் காலத்து ஆராய்ச்சி முறை. யாரும் காயப்படவில்லை, ஏனென்றால் யாராலும் படிக்க முடியவில்லை. தெரியாத ஒன்று எப்படி வலிக்கும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி வீட்டு விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? தேநீர் இடைவேளையில் என் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து யார் யார் வீட்டில் என்னென்ன என்று சொன்னது யார்? "பேப்பரைக் காட்டி ஏதோ பாக்குறீங்கனு புரியுது சார். எதுவா இருந்தாலும் வீட்டு விஷயமா போடுங்க, அப்பத்தான் சுருக்குனு இருக்கும்" என்றது யார்? கண் பரிசோதனை என்று மற்ற ஆறு பேர் நம்பியிருக்கலாம். தாங்கள் அரைகுறையாகவாவது புரிந்துகொண்டு, அதற்கு விறகு எடுத்துப் போட்டீர்கள். தங்கள் தாயார் எந்த வார்டில், எந்தக் கட்டிலில் என்று சொன்னதும் தாங்களே.

போன் ஐந்து மணிக்குத்தான் வந்தது.

அந்த ஆராய்ச்சியைப் பற்றிய என் கட்டுரையின் புதிய பதிப்பில் ஏழு பேரின் பெயரையும் அச்சிட ஏற்பாடு செய்கிறேன். இத்தனை காலம் "ஏழு பணியாளர்கள்" என்றே இருந்தது. தங்கள் பெயரை முதலில் போடலாம். ஜூனில் சந்திப்போம்.

தங்கள்,
பேராசிரியர்


ஏப்ரல் 11

டேய் வாத்தியாரே,

நீ எனக்கு ஐயா போட்டு எழுதியபோதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பயந்தால்தான் உனக்கு மரியாதை வரும். அம்மா போன அன்றைய அட்டையை வரைந்து முடித்தேன். இரண்டு வரி. மேல்வரியில் பெரிய சுழி மூன்று. கீழ்வரியின் கடைசியில் மை சிந்தியிருந்தது, அவசரத்தில் எழுதியிருக்கிறாய். கைபேசிக்குக் காட்டினேன். அந்தப் பெண் அதே மரியாதைக் குரலில் படித்தாள்.

"ஆணியின் அம்மா காலை எட்டேகாலுக்கு இறந்துவிட்டார். மூன்று மணிக்குள் வந்தால் முகம் பார்க்கலாம்."

இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். சலிக்காமல் படித்தாள்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். கொட்டாவி விட்டேன். நீ அட்டையை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாய். "நல்லா தெரியுது சார், போன மாசத்தைவிட எழுத்து பெருசு" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனாய். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து கோணலின் கழுத்தைக் கிண்டல் செய்தேன். மத்தியானம் பொத்தான் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"என்ன பொத்தான், மாப்பிள்ளை பாக்குறியா?"

"சாப்பிடு ஆணி. தெம்பு வேணும்."

"உனக்கு?"

"எனக்கு இறங்கல. கண்ணு வேற எரியுது."

"அதான் சார் காலைல கண்ணு பாத்தாரே, அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பெட்டியையும் காலி செய்தேன். மூன்று மணிக்கு நான் இரண்டாம் கட்டுத் துண்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

தொற்று வார்டில் மூன்று மணிக்குமேல் உடலை வைத்திருக்க மாட்டார்கள். சித்தப்பா மகன் கைநாட்டு வைத்து வாங்கி அடக்கம் செய்துவிட்டான். நான் போனபோது கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில், காலையிலேயே போன் செய்துவிட்டோம் என்றார்கள். நான் அவர்களைப் பொய்க்காரர்கள் என்று கத்தினேன். உன்னை நம்பினேன். என் தங்கச்சி என்னை நம்பவில்லை. அம்மா முகத்தைப் பார்க்க வராதவன் என் வாசலுக்கும் வரக்கூடாது என்றாள். இருபத்தேழு வருஷம் அப்படியே இருந்தாள், அப்படியே செத்தாள். அவள் பிள்ளைகள் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். போன் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்ல எனக்கு நாற்பது வருஷம் ஆள் இல்லை.

மாடிப்படி வீட்டுக் கதையை நான்தான் சொன்னேன். உன் அறையில் மின்விசிறி இருந்தது, நாற்காலி இருந்தது, நீ என்னை உட்காரச் சொன்னாய். அதற்காகவே சொன்னேன். அந்தப் பாவத்தில் என் பங்கை நான் நரகத்தில் கட்டிக்கொள்கிறேன், அங்கே உனக்கு என் பக்கத்துச் சீட்டுதான் கிடைக்கும்.

ஜூனில் வருகிறேன். நீ கேட்ட வாக்கியத்தைச் சொல்கிறேன். ஆனால் ஒன்று. நாற்பது நாட்டுக்காரனுக்கு முன்னால் நீ அந்த அட்டையை உன் வாயால் படிக்க வேண்டும். எழுதியது நீ என்றும், போன் வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். முடியாதென்றால் சீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்.

ஆணி


மே 2

ஆணி,

உன் கடிதத்தை மூன்று வாரம் மேசையில் வைத்திருந்தேன். முதல் வாரம் கிழித்துப் போட நினைத்தேன். இரண்டாம் வாரம் தூக்கம் இல்லை. மூன்றாம் வாரம் எனக்கு விளங்கியது, நீ எனக்குக் கொடுத்திருப்பது எவ்வளவு பெரிய பரிசு என்று.

படிக்கிறேன். என் வாயாலேயே படிக்கிறேன். திரையில் ஆள் உயரத்துக்குப் போடுகிறேன், உன் கையால் வரைந்ததையே அனுப்பு. யோசித்துப் பார். ஏழு பேரில் யாருக்காவது படிக்கத் தெரிந்திருந்தால் அந்த அட்டைக்கு முன்னால் சும்மா நிற்க முடியுமா? பெற்ற தாய் செத்துப்போன செய்தியை மகன் ஒரு முழம் தூரத்தில் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். பக்கத்தில் நின்ற ஆறு பேரும் அசையவில்லை. இதைவிட உறுதியான சோதனையை எந்த ஆராய்ச்சிக் கூடமும் செய்ததில்லை, இனி எவனும் செய்யவும் மாட்டான். அந்தப் பெண் தன் கணக்கை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

நேரம் கேட்டாய். எட்டு நாற்பதுக்குப் போன் வந்தது. பத்து நிமிஷம் யோசித்தேன். உன்னைக் கூப்பிட எழுந்து கதவு வரைக்கும் வந்தேன். அன்று முதல் திங்கள். அதற்கு முந்தைய அட்டைகள் எல்லாம் பொய்கள், இல்லாவிட்டால் வீட்டு வம்பு. படித்தவன் பொய்யென்று தெரிந்து அடக்கிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. ஓர் உண்மை தேவைப்பட்டது. அது தானாக வந்து நின்றது. திரும்பிப் போய் எழுதினேன். வருத்தப்பட்டேனா என்று கேட்டால், உங்கள் ஏழு பேரையும் முழுசாக நம்பியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் சொன்னேன் அல்லவா? சொல்லாமல் விடவில்லையே.

பதினான்காம் தேதி காலை ஒன்பதரைக்கு என் உரை. முன்வரிசை, நடுவில், உன் நாற்காலி. காமிராவுக்கு மறுநாள் காலை. என்ன சொல்லப்போகிறாய் என்று முன்கூட்டியே எழுதிக் கொடு, நீ வளவளவென்று பேசுவாய்.

பேராசிரியர்


ஜூன் 14

வாத்தியாருக்கு,

இதை விடுதி வரவேற்பு மேசையில் அச்செடுத்து உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். நீ விருந்தில் இருக்கிறாய். நான் உன்னைப்போல இல்லை, செய்தியைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

உன் உரை நன்றாக இருந்தது. நான் எட்டு வருஷம் துண்டு வேலை முடிந்ததும் உன் வகுப்புப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே எத்தனையோ உரை கேட்டவன். அட்டை திரையில் வந்ததும் ஒரு வெள்ளைச்சட்டைக்காரன் கையை வாயில் வைத்துக்கொண்டான். நீ எட்டு நாற்பது என்று சொன்னாய், ஒளிக்கவில்லை. "அந்த மகன் இங்கேயே இருக்கிறார்" என்று என்னைக் கைப்பிடித்து எழுப்பினாய். மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது. எனக்கா, உனக்கா, அட்டைக்கா தெரியவில்லை. பதக்கத்தை மாட்டிக்கொண்டு என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாய். பக்கத்தில் வந்து நின்றதும் ஒன்று தெரிந்துகொண்டேன், இப்போது வாய் நாறுவது உனக்கு.

இனி நான் சொல்வதைக் கவனி. ஏப்ரல் மாதம் அந்த அட்டையைக் கேட்டபிறகு எனக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டி தொண்டையில் நின்றது. விசாரித்துக்கொண்டு போனேன். தையல் கடைச் சந்தின் பின்னால், மகள் வீட்டுப் பின்னறையில் ஒரு ஆள் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தது.

"படிச்சியா?" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை.

"படிச்சேன்."

"எப்ப கத்துக்கிட்ட?"

"அஞ்சாவது வரைக்கும் போனேன். பேப்பரை நேராத் திருப்புனவனை அவரு அனுப்புனதைப் பாத்தேன். தலைகீழாவே வச்சுக்கிட்டேன். தலைகீழாவே படிச்சேன், ஏதோ சோப்பு விளம்பரம்."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. என் வீட்ல மூணு வாய். அதோட, இதோ அஞ்சு நிமிஷத்துல சார் உன்னை உள்ள கூப்பிட்டுச் சொல்லுவாருனு நெனச்சேன். பதினொண்ணு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. அப்புறம் வழக்கமான பொய்யாத்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். சாப்பாட்டை மட்டும் தள்ளினேன்."

"மூணு மணிக்குள்ளனு எழுதியிருந்துச்சே."

"கீழ் வரியை நான் பாக்கல. மேல் வரியப் படிச்சதும் கண்ணைத் தூக்கிட்டேன். பாத்துக்கிட்டே இருந்தா முகம் மாறிடும்."

அந்தக் கீழ்வரியை நான் அதற்குப் படித்துக் காட்டினேன். கைபேசியை வைத்து, இரண்டு முறை. சொல்லாமல் வந்திருக்கலாம். நாற்பது வருஷமாகத் தெரியாமல் இருந்தது, தெரியாமலே செத்திருக்கும். நீ சொன்னாயே, தெரியாத ஒன்று எப்படி வலிக்கும் என்று. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். மூன்று நாள் வாயில் பச்சைத்தண்ணீர் படவில்லை என்று அதன் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்று திட்டினாள். மாநாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன், நாலாம் நாள், எங்கே வர வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பியது.

அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் பேசிவிட்டோம். நாளை மூன்று மணிக்கு அவள் உரையில், மை கலைந்த பழைய துண்டுகளைத் திரையில் போட்டு அந்த ஆளை மேடையிலிருந்தே வாசிக்கச் சொல்லப்போகிறாள். நீ இன்று ஆள் உயரத்துக்குக் காட்டிய அட்டையையும் சேர்த்து. இன்று எழுந்து நின்றவர்கள் எல்லோரும் நாளையும் இருப்பார்கள். அசையாமல் நின்ற ஆறு பேர் என்று நீ சத்தியம் செய்தது பதிவாகியிருக்கிறது.

காலையில் காமிராவுக்கு என்ன சொல்வேன் என்று எழுதிக் கேட்டாய். வளவளவென்று இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

முதல் தட்டு கோணல். உன் வேலையை விட்ட மறுவருஷம் கழுத்து நரம்பு இழுத்துப் போய்விட்டான். எழுத்து தெரியாது. இரண்டாம் தட்டு மாடிப்படி. அவன் பெண்டாட்டி யாரோடும் போகவில்லை, நான் சொன்னது பொய். அவள்தான் அவனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் போனார்கள். எழுத்து தெரியாது. மூன்றாம் தட்டு நரை. முப்பது வயதில் தலை வெளுத்தவன், அறுபதில் லாரி மோதிச் செத்தான், லாரியில் 'விலகு' என்று எழுதியிருந்ததாம். எழுத்து தெரியாது. ஐந்தும் ஆறும் வண்டுகள். பெரியவனுக்குச் சர்க்கரையில் கண் போயிற்று, சின்னவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். பெரியவன் போன எட்டாம் நாள் அவனும் போனான். எழுத்து தெரியாது. ஏழாம் தட்டு நான். எழுத்து தெரியாது, எனக்கும் அதிக நாள் இல்லை, என்னை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

நாலாம் தட்டு உயிரோடு இருக்கிறது. இதே விடுதியில், உனக்குக் கீழ்மாடியில், என் அறைக்கு எதிர் அறையில், நாளைக்குக் கட்டும் சேலையை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, மாநாட்டு நிகழ்ச்சி நிரலை வரிவிடாமல் படித்துக்கொண்டிருக்கிறாள் பொத்தான்.